இரட்டைக் குழந்தை ஷூட்: வசம்பைக் கழற்றாதீர்கள்

கையைக் கழுவுங்கள், பிளாஷை முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள் என்றெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன். பிறந்த குழந்தைகளைப் படமெடுக்கப் புதிதாக இறங்கும் தம்பிகள், அந்தக் காலத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இப்போதும் இடறுகிறார்கள். இரட்டை என்றால் கேட்கவே வேண்டாம்.

யூடியூப் பார்த்துத் தேதி கொடுப்பது

பிறந்து 5 முதல் 14 நாளுக்குள் எடுப்பது வெளிநாட்டு வீடியோக்களின் கணக்கு. நம் ஊரில் தீட்டுக் கழியாமல் குழந்தையை வெளியே எடுக்க மாட்டார்கள். பல வீடுகளில் 30 நாள் ஆகிவிடும். அதுபோக, இரட்டைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகின்றன. எனவே பிறந்த தேதியோடு, டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். எடை இன்னும் 2.5 கிலோவைத் தொடவில்லையா? டாக்டர் சரி என்ற பிறகு அட்வான்ஸ் வாங்கலாம்.

அடையாளத்தைக் கழற்றுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அச்சில் வார்த்தாற்போல இரண்டு பையன்கள் வருகிறார்கள். ஒருவன் கையில் வசம்பு வளையல், இன்னொருவன் கையில் கறுப்பு வெள்ளைப் பால்மணி. குழம்பக் கூடாது என்றுதான் வீட்டில் அப்படி மாற்றிப் போட்டிருப்பார்கள். நம் ஆள் முதல் வேலையாக, "படத்துல உறுத்துதுக்கா, கழட்டிடுங்க" என்பார். திருஷ்டிப் பொட்டையும் ஈரப் பஞ்சால் துடைத்தாயிற்று.

பெற்றவளுக்குத் தெரியாதா என்றால், விழித்து அழும்போது தெரியும். தொப்பி மாட்டி, கழுத்துவரை துணி சுற்றித் தூங்கும்போது பாட்டி ஒரு பெயர் சொல்வார், அத்தை இன்னொரு பெயர் சொல்வார். பச்சைத் துணி பெரியவன், மஞ்சள் துணி சின்னவன் என்று வைத்துக்கொள்வதும் உதவாது. ஒருவன் துணியை நனைப்பான், அவசரத்துக்குக் கையில் கிடைத்ததைச் சுற்றுவார்கள், அத்தோடு கணக்குப் போயிற்று.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் 12x36 ஆல்பம் அடித்து, பக்கத்துக்குப் பக்கம் பெயர் போட்டுக் கொடுத்துவிட்டார். பெரியவனுக்கு இடது காதோரம் கடுகளவு பிறவி மச்சம் உண்டு. ஆல்பத்தில் அந்த மச்சம் சின்னவன் பக்கத்தில் இருந்தது. சரி, பெயரை மாற்றிவிடலாம் என்று மற்ற படங்களைப் பார்த்தால் எதிலும் மச்சமே இல்லை. தோலை மழமழப்பாக்கும் பிரீசெட் அதைத் துடைத்திருந்தது. ஒரிஜினல் பைல்களையும் அழித்திருந்தார். மறுபடி அடித்த செலவு அவர் தலையில். சில படங்களில் இருப்பது யார் என்று இன்னும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

படம்கூடப் போகட்டும். இடையில் சொட்டு மருந்து கொடுக்கும் நேரம் வந்து, ஒருவனுக்கே இரண்டு தடவை போனால்?

வளையலைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அதற்கு முன்பே வீட்டாரை விட்டு ஒருவன் கணுக்காலில் மட்டும் கறுப்புக் கயிற்றைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். படத்தில் விழுந்தால் போட்டோஷாப்பில் நீக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? ஒவ்வொரு செட்டப்பிலும் முதல் பிரேமில் அந்தக் காலும், பெயர் எழுதிய சீட்டும் இருக்கட்டும். மச்சத்தை முன்பே கேட்டுக் குறித்துக்கொண்டு, ரீடச்சில் அதைத் தொடாதீர்கள்.

தவளை போஸ்

குழந்தை முழங்கையை ஊன்றி, இரண்டு கையிலும் மோவாயைத் தாங்கியிருப்பதுபோல் வரும் படம் இது. ஒரே ஷாட்டில் கிடையவே கிடையாது. தலையைப் பிடித்து ஒன்று, மணிக்கட்டைப் பிடித்து ஒன்று, பிறகு ஒட்டு வேலை.

இரண்டும் சேர்ந்து தூங்கட்டும் என்று காத்திருப்பது

தூங்காது. தூங்குபவனை முதலில் எடுங்கள். மற்றவன் கண் அசந்ததும் அதே மெத்தையில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ட்ரைபாடு, லைட், ஜூம் மூன்றையும் தொடக் கூடாது. ட்ரைபாடைக் கொஞ்சம் முன்னே தள்ளினாலே 2.2 கிலோப் பிள்ளை 2.8 கிலோ அண்ணனைவிடக் கொழுகொழுவென்று தெரிவான். எடையை நாள்தோறும் எண்ணிக்கொண்டிருக்கும் அம்மாவின் கண்ணுக்கு அது தப்பாது.

ஏசி

அணைத்துவிடுங்கள். நமக்கு வேர்க்கட்டும்.

தனியாளாக எடுப்பது

ஒரு குழந்தைக்கு ஓர் ஆள், கேமராவுக்கு நீங்கள். ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது என்றால் கூட வந்த பாட்டியை ரிசப்ஷனில் உட்கார வைக்காமல் உள்ளே கூப்பிடுங்கள்.