வெறுங்கையோடு நாடு கடந்த அரசு அமைப்பது எப்படி: தெ கோல் போட்ட பாதை

ஜெர்மனியிடம் நாட்டை இழந்த போலந்து, நார்வே, நெதர்லாந்து அரசுகள் 1940இல் லண்டன் வந்து சேர்ந்தபோது அவற்றின் சட்டபூர்வத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. பிரான்ஸ் கதை வேறு. ஜூன் 22இல் ஜெர்மனியோடு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட அரசு நாட்டுக்குள்ளேயே இருந்தது. ஜூலை 10 அன்று விஷி நகரில் கூடிய நாடாளுமன்றம் 569க்கு 80 என்ற வாக்கில் அந்த அரசின் தலைவர் மார்ஷல் பெத்தானிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தது. போர்நிறுத்தத்தை ஏற்காமல் லண்டன் போன பிரெஞ்சு ஜெனரல் தெ கோல் அடித்தளத்திலிருந்தே கட்ட வேண்டியிருந்தது.

முதல் வேலை, ஆதரிக்கும் நாட்டிடம் எழுதி வாங்குவது. வானொலி அழைப்பு ஆள் சேர்க்கும், அதிகாரம் தராது. போரைத் தொடர அழைத்த ஜூன் 18 வானொலி உரைக்குப் பத்து நாள் கழித்து பிரிட்டன் அவரைச் சுதந்திர பிரெஞ்சுக்காரர்களின் தலைவராக ஏற்றது. ஆனால் அஸ்திவாரம் பிரிட்டனோடு செய்த ஆகஸ்ட் 7 ஒப்பந்தம்தான். அதற்கான பேச்சில் சட்டப் பேராசிரியர் ரெனே கசேன் முக்கியப் பங்கு வகித்தார். இரண்டு பிரிவுகளைக் கவனியுங்கள்: இந்தப் படை ஒருபோதும் பிரான்சுக்கு எதிராக ஆயுதம் ஏந்தாது, பிரிட்டன் தரும் பணம் முன்பணமாகக் கணக்கில் ஏறும். நன்கொடையாக வாங்கியிருந்தால் கூலிப்படை என்ற பழியிலிருந்து தப்பியிருக்க முடியாது.

அடுத்தது நிலம். சொந்த மண் இல்லாத குழு, விருந்தாளியாகவே இருந்துவிடும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்கப் பகுதிகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் வந்தன: ஆகஸ்ட் 26இல் ஆளுநர் ஃபெலிக்ஸ் எபூவேயின் சாட், மறுநாள் தெ கோலின் அதிகாரி லெக்லேர் மூலம் கேமரூன், அதற்கடுத்த நாள் காங்கோவின் பிராசவில். செப்டம்பரில் ஆளுநர் பொன்வேன் தலைமையில் புதுச்சேரியும் சேர்ந்தது. இவை கைகூடக் காரணம், உள்ளே இருந்தவர்களே முன்கூட்டித் தயாராக இருந்தது. அந்தத் தயாரிப்பு இல்லாத இடத்தில் கப்பல்களை மட்டும் நம்பினால், மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான டக்காரைப் பிடிக்கப் போய் செப்டம்பர் 23 முதல் 25 வரை நடந்ததுதான் நடக்கும். தோல்வியோடு ரகசியம் கசிந்ததென்ற சந்தேகமும் ஒட்டிக்கொண்டது. 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் நேச நாடுகள் இறங்கப்போவதை தெ கோலிடம் முன்கூட்டியே சொல்லவில்லை.

நிலம் வந்ததும் சட்டம். அக்டோபர் 27 அன்று பிராசவில்லில் பேரரசுப் பாதுகாப்பு மன்றம் அமைத்தார். மக்கள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளிடம் கணக்குக் கொடுப்பேன் என்றும் உறுதி தந்தார். இந்த ஒரு வரியை விட்டால் எல்லாமே ராணுவ ஆட்சிதான். அரசிதழும் வெளியானது. 1941 செப்டம்பர் 24இல் துறைவாரி ஆணையர்களோடு தேசியக் குழு வந்தது. டிசம்பரில் நாணயம் வெளியிடும் மத்திய நிதியகம்.

இத்தனையும் இருந்தும் வாஷிங்டன் மசியவில்லை, வட ஆப்பிரிக்காவில் இருந்த இன்னொரு பிரெஞ்சு ஜெனரல் ழிரோவையே முன்னிறுத்தியது. படையும் அமெரிக்க ஆயுதமும் அவர் பக்கம். அதை ஈடுகட்ட நாட்டுக்குள்ளிருந்து ஆதரவு தேவை. 1943 மே 27 அன்று பாரிஸில் ஒரு வீட்டில் தெ கோலின் பிரதிநிதி ழான் மூலேன் கூட்டிய, ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்களின் எதிர்ப்பு மன்றத்தில் எட்டு இயக்கங்கள், ஆறு கட்சிகள், இரண்டு தொழிற்சங்கங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தன. ஜூன் 3இல் அல்ஜியர்ஸில் விடுதலைக் குழு உருவானபோது தெ கோலும் ழிரோவும் இணைத் தலைவர்கள். நவம்பருக்குள் ழிரோ குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார்.

கடைசி வேலை, ஆட்களைத் தயாராக வைப்பது. விடுவிக்கப்படும் பகுதிகளைத் தங்கள் ராணுவ நிர்வாகத்தில் வைக்க நேச நாடுகள் திட்டமிட்டன. அதற்கு முன்பே, 1944 ஜனவரி 10 ஆணையால், விடுபடும் பகுதிகளை நிர்வகிக்கும் குடியரசு ஆணையர் பதவிகள் உருவாகிவிட்டன. ஜூன் 3 அன்று குழு தற்காலிக அரசு என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜூன் 14இல் தெ கோல் விடுவிக்கப்பட்ட நார்மண்டியின் பயோ நகருக்கு வந்து, ஃபிரான்சுவா கூலேயை ஆணையராக அங்கே விட்டுப் போனார். கூலே பெத்தானின் விஷி அரசு வைத்திருந்த துணை ஆட்சியரை நீக்கிப் புதியவரை உட்காரவைத்தார். நிர்வாகம் ஓடத் தொடங்கிவிட்டதால் நேச நாட்டு அதிகாரிகள் அவரோடுதான் பேச வேண்டியிருந்தது. முறையான அங்கீகாரம் அக்டோபர் 23இல்தான் வந்தது.