உடல் இளைத்தபின் பழைய உடைகள்: கத்தரியை எடுப்பதற்கு முன்

எடை குறைந்தவுடன் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. பீரோவில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் அத்தனையையும் தையல்கடைக்குக் கொண்டுபோய் வெட்டிச் சுருக்கிவிடுகிறார்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது, வெட்டியதை ஒட்ட முடியாது. உடம்பு இன்னும் ஓர் அளவில் நிலைத்திருக்காது. அந்த நேரத்தில் காட்டும் அவசரத்தால்தான் நல்ல துணியும் காசும் வீணாகின்றன.

துணியைத் தொடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எடை ஏன் குறைந்தது? நடைப்பயிற்சியோ உணவுக் கட்டுப்பாடோ இல்லாமலேயே பேண்ட் இடுப்பில் நிற்காமல் இறங்குகிறது என்றால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். 6 முதல் 12 மாதங்களுக்குள், காரணம் தெரியாமல் உடல் எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் பரிசோதனை தேவை என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. 70 கிலோ இருந்தவருக்கு அது மூன்றரை கிலோதான். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, காசநோய் எல்லாம் இப்படித்தான் முதலில் தலைகாட்டக்கூடும். பார்ப்பவர்களெல்லாம் “நன்றாக இளைத்துவிட்டீர்களே” என்று பாராட்டும்போது இது மனதில் தோன்றாது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

முயன்று இளைத்தவர்களுக்கு வருவோம். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சுருக்குவது பெரிய தவறு. இரண்டு மாதம் கழித்து அதே துணி மறுபடியும் தொளதொளக்கும். இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டும். எடை ஒரே இடத்தில் மூன்று மாதமாவது நிற்கட்டும். அதுவரை வெளியில் போட்டுப் போக இரண்டு மூன்று செட் போதும். அவற்றையும் நீளமான தையலாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பிறகு பிரிப்பது எளிது. புடவைக்கும் வேட்டிக்கும் இந்தத் தொல்லையே இல்லை. நாடா வைத்த சுடிதார் பேண்ட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

தையல்காரரிடம் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “உள்ளே இருக்கும் துணியை வெட்டாதீர்கள்.” சிலர் வேலை சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று மிச்சத்தைக் கத்தரித்து ஓரம் அடித்துவிடுவார்கள். அந்தத் துணி உள்ளேயே மடங்கிக் கிடந்தால் எடை கொஞ்சம் ஏறினாலும் தையலைப் பிரித்துக்கொள்ளலாம். உறுத்தும் அளவுக்கு மிச்சம் இருந்தால் மட்டும், ஓர் அங்குலம் விட்டு வெட்டலாம்.

அடுத்தது கணக்கு. பக்கத் தையலை இரு பக்கமும் அரை அங்குலம் உள்ளே தள்ளினால் சுற்றளவில் குறைவது ஓர் அங்குலம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 2 அங்குலம் குறையும். ஒவ்வொரு பக்கத்திலும் முன்துண்டில் அரை, பின்துண்டில் அரை போகிறது அல்லவா? இந்தக் கணக்கு தெரியாமல் “ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் பிடியுங்கள்” என்று சொன்னால் 4 அங்குலம் போய்விடும். மூச்சு விட முடியாத சட்டைதான் திரும்பி வரும். ஊக்கு குத்தி, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பார்த்த பிறகு அளவைச் சொல்லுங்கள்.

பெண்களின் ஜாக்கெட்டில்தான் அதிகத் துணி பாழாகிறது. எடை குறையும்போது மார்பும் மேல்கையும் மட்டும் இளைப்பதில்லை. கழுத்தைச் சுற்றியும் சதை வற்றி, ஜாக்கெட் தோளிலிருந்து நழுவத் தொடங்கும். பக்கவாட்டில் எவ்வளவு பிடித்தாலும் இது தீராது. தோள் தையலைப் பிரித்து, கழுத்தோரத்தில் சற்று அதிகமாக உள்ளே எடுக்க வேண்டும். அல்லது பின்கழுத்தில் நாடா வைத்துக் கட்ட வேண்டும். “லூசாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் தையல்காரர் பக்கத் தையலைத்தான் பிடிப்பார். பிடித்த பிறகு டாட்டின் (மார்புப் பகுதியில் கூராகப் பிடித்த மடிப்புத் தையல்) முனை இடம் மாறி நிற்கும், கைக்குழி இறுகும், கையைத் தூக்கினால் ஜாக்கெட்டே மேலேறும். எங்கே தொளதொளக்கிறது என்று இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். பட்டு ஜாக்கெட் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பட்டில் ஊசி இறங்கிய துளை பிரித்த பின்னும் தெரியும். மெஷினில் ஓட்டுவதற்கு முன் கையால் ஓடுதையல் போட்டு அணிந்து பார்த்துவிடுங்கள்.

பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துப் புதியதைத் தைக்கச் சொல்வது இன்னொரு தவறு. பழக்கத்தில் நடந்துவிடுகிறது. பிடித்துத் தைத்த ஜாக்கெட்டையும் அளவுக்குக் கொடுக்காதீர்கள்; அதில் தோளும் கழுத்தும் பழைய உடம்புக்கு உரியவை. உடம்பிலேயே புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், உள்ளாடை புது அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். தொங்கிப்போன உள்ளாடையோடு எடுத்த அளவில் தைத்தது எதுவும் பொருந்தாது.

ஆண்களின் சட்டையில் பார்க்க வேண்டியது தோள்தான். கை இணையும் தையல் தோள் முனையைத் தாண்டிக் கைப்பக்கம் இறங்கிவிட்டால் கையைப் பிரித்து மறுபடி பொருத்த வேண்டும். அந்தக் கூலியும் பொறுமையும் சாதாரணச் சட்டைக்குத் தகாது, கொடுத்துவிடலாம். தைத்த பேண்ட்டில் பின்பக்க நடுத்தையலைப் பிடித்தால் இடுப்பில் 2 அங்குலம்வரை சுலபமாகக் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி அசிங்கமாகத் தெரியும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு இந்த வேலைகளை எடுத்துப் போகாதீர்கள். புதுத்துணி குவிந்திருக்கும்போது பழையதைப் பிடிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

உடையைப் பார்ப்பவர்கள் விரலைப் பார்ப்பதில்லை. விரலும் இளைக்கும். சோப்பு நுரையோடு மோதிரம் கழன்று சாக்கடையில் போவது அப்படித்தான். நகைக்கடையில் சிறிதாக்கும்வரை உள்வளையத்தில் நூல் சுற்றிக்கொள்ளுங்கள், அல்லது கழற்றி வைத்துவிடுங்கள்.

“மறுபடி எடை ஏறினால்?” என்ற பயத்தில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துவதும் சரியில்லை. கல்யாணப் பட்டு, விலையுயர்ந்த கோட்டு, மனதுக்கு நெருக்கமான ஒன்றிரண்டு போதும். துவைத்த பருத்தித் துணியில் பட்டைச் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் மடித்த இடத்தில் பட்டு இற்றுப்போகும்.

கொடுப்பதில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வலிப்பது. 2004 சுனாமிக்குப் பிறகு, தமிழகக் கடலோரத்தில் நிவாரணமாக வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தன. எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவக் குடும்பங்களுக்குக் கிழிந்ததும் கறைபடிந்ததும் போய்ச் சேர்ந்தன. அனுப்பியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனால் வாங்குபவருக்கும் மானம் உண்டு என்பதை அந்த மூட்டைகள் நினைக்கவில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, அறுந்த பொத்தானைத் தைத்து, அளவு எழுதி ஒட்டிக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு என்றால் “வேண்டுமா?” என்று கேட்டுவிட்டு, பிடித்ததை அவரே எடுத்துக்கொள்ள விடுங்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் ‘கூன்ஜ்’ போன்ற அமைப்புகள் இருக்கின்றன. 1999-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு துணிகளைத் தரம் பிரித்து, கிராமத்தினர் தங்கள் ஊருக்காகச் செய்யும் குளம் வெட்டுதல், சாலை போடுதல் போன்ற வேலைகளுக்கு ஈடாகத் தருகிறது. வாங்குபவர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

உள்ளாடையை எந்த மூட்டையிலும் போடாதீர்கள். கிழிந்த பருத்தித் துணியை வீட்டிலேயே அடுப்படிக் கரித்துணியாக வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் மட்டும் அடுப்பருகே வேண்டாம். சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.