சீனப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா? முதல் செமஸ்டருக்கான செய்முறை

சீனாவில் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தோடு பல வருடம் மல்லுக்கட்டியவர்கள். மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலப் பாடம் தொடங்கிவிடுகிறது. கல்லூரி நுழைவுக்கான காவ்காவ் தேர்வில் மொத்தம் 750 மதிப்பெண்ணில் 150 ஆங்கிலத்துக்குப் போகிறது. இலக்கணம் தெரியும், சொற்கள் ஏராளமாகத் தெரியும், நீளமான கட்டுரையைப் படித்துக் கேள்விக்குப் பதிலும் எழுதிவிடுவார்கள். எழுந்து நின்று பேசச் சொன்னால் மட்டும் வகுப்பே உறைந்துபோகும். வெளிநாட்டு ஆசிரியரைத் தேடிப் பிடிப்பதே இதற்காகத்தான். உங்களுக்குக் கிடைக்கும் பாடமும் அநேகமாக ‘கோவ்யூ’ எனப்படும் பேச்சு ஆங்கிலமாகத்தான் இருக்கும்.

அதனால் காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வகுப்பறையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். நான் வேலை பார்த்தது ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா நகரில். உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும்.

படி 1: தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது அங்கே பொதுவிதி. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களையே பெரும்பாலும் எடுக்கிறார்கள். டொராண்டோவிலோ லண்டனிலோ டர்பனிலோ வளர்ந்த தமிழருக்கு வழி திறந்திருக்கிறது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு அனுமதி வாங்குவது ரொம்பக் கடினம். எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஏற்க முடியாத விதி. ஆனால் முனைவர் பட்டம் பெற்று உங்கள் சொந்தத் துறையை, கணினியோ வேதியியலோ, ஆங்கில வழியில் கற்பிக்கப் போனால் இந்தத் தாய்மொழிக் கட்டுப்பாடு கிடையாது. யுன்னான் மின்சு பல்கலைக்கழகத்தில் தமிழே கற்பிக்கிறார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இதோடு இளங்கலைப் பட்டம் கட்டாயம். இரண்டு வருடக் கற்பித்தல் அனுபவம் கேட்பார்கள். கல்வியியல் பட்டமோ 120 மணி நேர டெஃபில் (ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சி) போன்ற சான்றிதழோ இருந்தால் அனுபவத்துக்குப் பதிலாக அதை ஏற்பது வழக்கம். வயது 60க்குள் இருக்க வேண்டும்.

படி 2: இசட் விசா (வேலை விசா) இல்லாமல் கிளம்பாதீர்கள்

பட்டச் சான்றிதழுக்கும் போலீஸ் சான்றுக்கும் சட்டப்படியான உறுதிச் சான்று தேவை. ஹேக் உடன்படிக்கையில் சீனா சேர்ந்து, 2023 நவம்பர் 7 முதல் பல நாட்டு ஆவணங்களுக்கு, ஆவணம் வழங்கிய நாட்டு அரசு தரும் அப்போஸ்டில் என்ற உறுதி முத்திரையே போதும் என்றாகிவிட்டது. முன்புபோல் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. இவற்றை அனுப்பினால் பல்கலைக்கழகம் வேலை அனுமதி அறிவிப்பை வாங்கித் தரும். அதைக் காட்டித்தான் இசட் விசா எடுக்க வேண்டும்.

“முதலில் சுற்றுலா விசாவிலோ வணிக விசாவிலோ வந்துவிடுங்கள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உண்டு. நிலைமை மோசமென்றால் 15 நாள் வரை காவலில் வைக்கலாம். மாட்டிக்கொள்வது ஏஜென்ட் இல்லை, நீங்கள்தான்.

படி 3: ஒப்பந்தத்தில் எதைக் கேட்பது

தனியார் பயிற்சி மையங்களை விடப் பல்கலைக்கழகச் சம்பளம் குறைவு. ஆனால் வாரத்துக்கு 14, 16 பாடவேளைதான் வேலை, ஒரு பாடவேளை 45 நிமிடம். வளாகத்திலேயே வீடு, குளிர்கால விடுமுறை, கோடை விடுமுறை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, விமான டிக்கெட் தொகையை எப்போது தருவார்கள், இன்னொரு வளாகத்துக்கு அனுப்புவார்களா, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். சீன மொழிப் பிரதிதான் செல்லும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், சீனம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கூடுதலாக. சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை குழாய் வழியாக வெப்பம் வரும். தெற்கே அது கிடையாது. சாங்ஷா, வூஹான் குளிர் எண்ணிக்கையில் பெரிதாகத் தெரியாது, ஆனால் அந்த ஈரக்குளிர் எலும்புக்குள் இறங்கும். வகுப்பில் மாணவர்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் அப்படித்தான் நிற்பீர்கள். ஏசியில் வெப்பக்காற்று வருமா, படுக்கைக்கு மின்கம்பளம் உண்டா என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

படி 4: இறங்கிய முதல் வாரம்

24 மணி நேரத்துக்குள் போலீஸில் தங்குமிடத்தைப் பதிய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. இதற்கெல்லாம் கூட வருபவர் ‘வாய்பான்’, அதாவது வெளிநாட்டவர் விவகார அலுவலகத்து ஊழியர். அவரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். குழாய் உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

சிம் கார்டு, செய்தி அனுப்பும் வீசாட் செயலி, பணம் கட்டும் அலிபே செயலி மூன்றும் முதல் நாளே வேண்டும். கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அங்கே சாதாரண இணைப்பில் திறக்காது. பாடத்துக்கு வேண்டிய ஒலி, காணொளி, படங்கள் எல்லாவற்றையும் ஊரிலேயே பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

படி 5: முதல் வகுப்பு

செமஸ்டர் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். ஆனால் முதலாண்டு மாணவர்கள் முதலில் ராணுவப் பயிற்சிக்குப் போவார்கள். பச்சைச் சீருடையில் மைதானத்தில் அணிவகுத்துக் கொண்டிருப்பார்கள். அவர்களுக்கான உங்கள் வகுப்பு அக்டோபர் முதல் வார விடுமுறைக்குப் பிறகுகூடத் தொடங்கலாம். அந்த விடுமுறையை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைப்பதும் உண்டு, அறிவிப்பு கடைசி நேரத்தில் வரும்.

உள்ளே போனதும் முதலில் செய்ய வேண்டியது, ‘பான்ஜாங்’ யார் என்று கேட்பது. வகுப்புத் தலைவர். வீசாட் குழு தொடங்குவது, அறை மாற்றத்தைச் சொல்வது, யார் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று தெரிவிப்பது எல்லாம் அந்த மாணவர்தான். பெரும்பாலும் பொறுப்பான பிள்ளையாக இருப்பார்.

அப்புறம் நாற்பது பேரைப் பார்த்து “யாராவது சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். விடை தெரியாமல் இல்லை. எல்லார் முன்னாலும் தவறாகப் பேசினால் மானம் போய்விடும் என்ற பயம். முந்திக்கொண்டு பேசினால் பீற்றிக்கொள்கிறான் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமும் உண்டு. இதைச் சோம்பல் என்று புரிந்துகொள்ளும் ஆசிரியர் இரண்டே வாரத்தில் கோபத்தில் பேசத் தொடங்குகிறார், அதன்பின் அந்த வகுப்பு திறக்கவே திறக்காது.

எனக்கு நன்றாகப் பயன்பட்ட முறை நான்கு-மூன்று-இரண்டு பயிற்சி. மொழி ஆசிரியர்களிடையே பழைய முறைதான். தலைப்பு எளிதாக இருக்கட்டும்: “உன் ஊருக்கு நான் வந்தால் என்ன சாப்பிடத் தருவாய்?” ஒரு நிமிடம் யோசிக்க விடுங்கள், குறிப்பு எழுதலாம், கைபேசி பைக்குள். பிறகு ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் நான்கு நிமிடம் பேச வேண்டும், மற்றவர் கேட்க மட்டும் செய்வார். நேரம் முடிந்ததும் துணையை மாற்றுங்கள். அதே பேச்சை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். மறுபடியும் மாற்றி, இரண்டே நிமிடத்தில்.

பெஞ்சுகள் தரையோடு பொருத்தப்பட்டிருக்கும் அறைகளே அதிகம். நாற்காலியை நகர்த்த முடியாது. அதனால் முன்வரிசையில் இருப்பவர்கள் பின்பக்கம் திரும்பட்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இடம் தள்ளி உட்காரட்டும். முதல் சுற்றில் முணுமுணுப்புதான் கேட்கும். சாங்தேயிலிருந்து வந்த ஒரு மாணவி அரிசி நூடுல்ஸ் பற்றி மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு மேசையைப் பார்ப்பார். மூன்றாம் சுற்றில் அதே மாணவி கையை ஆட்டி, குழம்பு எப்படிக் கொதிக்கும், காலை எத்தனை மணிக்குக் கடையில் வரிசை நிற்கும் என்று நிறுத்தாமல் பேசுவார். அறை முழுக்க இரைச்சல். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதால் ஒருவர் தவறு இன்னொருவருக்குக் கேட்காது, அதுதான் இந்த முறையின் பலம்.

நீங்கள் நடுவே நடந்து, காதில் விழும் தவறுகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சை வெட்டித் திருத்தாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஐந்தாறு வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள். திருத்துவதில் அவர்கள் கில்லாடிகள், அதில் குரல் தானாக வரும். ஹூனானில் பலருக்கு ‘நைட்’டும் ‘லைட்’டும் ஒன்றாகக் குழம்பும். அதைத் தனித்தனியாகச் சொல்லிக்காட்டாமல் எல்லாருமாகச் சேர்ந்து உரக்கச் சொல்ல வையுங்கள்.

தைவான், திபெத், மதம் போன்றவற்றை விவாதத் தலைப்பாக வைக்காதீர்கள். உங்களுக்குச் சிக்கல் என்பதை விட, வெளிப்படையாகப் பதில் சொன்ன மாணவருக்குச் சிக்கல் வரலாம் என்பதே எனக்குப் பெரிய காரணம்.

படி 6: தேர்வும் மதிப்பெண்ணும்

டிசம்பரில் மாணவர்கள் பலர் சிஇடி-4 என்ற கல்லூரி மாணவர்களுக்கான தேசிய ஆங்கிலத் தேர்வை எழுதுவார்கள். அந்த வாரங்களில் கவனம் அங்கேதான் இருக்கும், கனமான வேலை கொடுக்காதீர்கள். உங்கள் தேர்வுக்கு அலுவலகம் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வினாத்தாள் கேட்கும், ஒன்று தேர்வுக்கு, ஒன்று மறுதேர்வுக்கு. வாய்மொழித் தேர்வை இருவர் இருவராக, ஜோடிக்கு ஐந்து நிமிடம் வைத்தால் நாற்பது பேர் வகுப்புக்கு இரண்டு அமர்வு போதும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முதல் மாதமே வீசாட் குழுவில் போட்டுவிடுங்கள். செமஸ்டர் முழுக்கப் பேசியதற்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்தால் பின்வரிசையும் வாய் திறக்கும்.

மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றி, தாள்களை அலுவலகத்தில் ஒப்படைத்தால் ஜனவரியில் வேலை முடிகிறது. வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, நாடே ஊர் திரும்பும். ரயில் டிக்கெட் 15 நாள் முன்னதாக ரயில்வேயின் 12306 செயலியில் திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள்.