கன்ட்ரோலரும் மவுஸும் ஒரே மேட்சில்: தகராறு இல்லாமல் விதி வகுப்பது எப்படி

துப்பாக்கிச் சண்டை கேம்களில் கஸ்டம் மேட்ச், கிளான் ஸ்க்ரிம் (குழுக்களுக்குள் நடக்கும் பயிற்சி ஆட்டம்), சின்ன டோர்னமென்ட் என்று இரண்டு வகை ஆட்களையும் கலந்து ஆட வைப்பவர்களுக்கான குறிப்பு இது. "அவனுக்கு கேமே குறி வைத்துக் கொடுக்கிறது" என்பார் மவுஸ்காரர். "உனக்கு முழுக் கையும் இருக்கு, எனக்குக் கட்டைவிரல் மட்டும்தான்" என்பார் கன்ட்ரோலர்காரர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், ஆனால் ஒரே தூரத்தில் அல்ல. கைக்கெட்டும் சண்டையில் கன்ட்ரோலருக்குச் சாதகம், தூரம் கூடக் கூட மவுஸுக்கு. அந்தக் கோடு உங்கள் கேமில் எங்கே விழுகிறது என்று தெரியாமல் போடும் எந்த விதியும் குருட்டு விதிதான்.

காரணம் எய்ம் அசிஸ்டின், அதாவது கன்ட்ரோலர்காரருக்குக் குறி வைக்க கேமே தரும் உதவியின், அமைப்பில் இருக்கிறது. அதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று ஸ்லோடவுன்: கிராஸ்ஹேர் (திரை நடுவில் தெரியும் குறி) எதிரியின் மேல் வந்ததும் திரும்பும் வேகம் குறையும். இதைப் பற்றிப் பெரிதாகச் சண்டை வருவதில்லை. இன்னொன்று ரொட்டேஷனல்: எதிரி நகர்ந்தாலோ நீங்கள் நகர்ந்தாலோ, அந்த நகர்வின் ஒரு பங்கை கேமே கேமராவைத் திருப்பி ஈடுகட்டும். எதிரி இடமிருந்து வலமாகத் திசை மாற்றியதைக் கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்கு ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட் ஆகும். கேமுக்கு அது அடுத்த ஃப்ரேமிலேயே தெரியும். 60 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 60 ஃப்ரேம்) ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட்தான். ஐந்து மீட்டரில் இருவரும் குறுக்கும் நெடுக்கும் ஆடிக்கொண்டு சுடும்போது கன்ட்ரோலர் ஒட்டிக்கொண்டே போவது இதனால்தான்.

மவுஸின் பலம் வேறு. சென்சிட்டிவிட்டியை 35 சென்டிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று என்று வைத்திருப்பவர் பின்னால் திரும்ப 17.5 சென்டிமீட்டர் இழுத்தால் போதும். அதை எவ்வளவு வேகமாக இழுப்பது என்பது அவர் கையைப் பொறுத்தது. ஸ்டிக்குக்கு உச்ச வேகம் உண்டு: நொடிக்கு 240 டிகிரி என்று வைத்திருந்தால் பின்னால் திரும்ப 0.75 நொடி, எவ்வளவு அழுத்தினாலும் அதற்குக் கீழே வராது. முதுகுப் பக்கமிருந்து வரும் ஃப்ளாங்க் கன்ட்ரோலர்காரரைக் கூடுதலாகக் கொல்வது இதனால்தான்.

முதலில் அளந்து பாருங்கள். டிரெயினிங் ரேஞ்சில் அசையாமல் நிற்கும் பாட் (கேமே வைக்கும் பொம்மை எதிரி) ஒன்றை 5 மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். கிராஸ்ஹேரை அதன் நெஞ்சில் வைத்து, வலது ஸ்டிக்கை விட்டுவிட்டு, இடது ஸ்டிக்கால் மட்டும் பக்கவாட்டில் நடங்கள். கிராஸ்ஹேர் பாட்டோடு கொஞ்சமாவது சேர்ந்து வந்தால் ரொட்டேஷனல் இருக்கிறது. வராவிட்டால் வலது ஸ்டிக்கை லேசாகத் தொட்டபடி இன்னொரு முறை செய்யுங்கள். கேமுக்கு கேம் நிபந்தனை மாறும். பிறகு 15, 30, 50 மீட்டர். பிடிப்பு எங்கே விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹிப் ஃபயரில் (குறிபார்க்காமல் அப்படியே சுடுவது) ஒரு தடவை, குறிபார்த்து ஒரு தடவை. ஸ்கோப் மாறினால் எண்ணும் மாறலாம்.

ஸ்லோடவுனை அளக்கத் திரையைப் பதிவு செய்யுங்கள். ஸ்டிக்கை ஒரே சாய்வில் பிடித்து பாட்டின் மேல் குறுக்கே இழுத்து, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போக எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்கள். அசிஸ்ட் இல்லாமல் 12, இருக்கும்போது 24 என்றால் வேகம் பாதியாகிறது. பாதி சாய்வில் பிடிப்பது தடவைக்குத் தடவை மாறிவிடும். அதனால் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொண்டு ஸ்டிக்கை விளிம்புவரை தள்ளிச் செய்தால் எண் நிலையாக வரும்.

இனி முடிவு. ஆட்கள் போதுமான அளவு இருந்தால் பிரித்துவிடுங்கள். அதைவிடச் சுத்தமான வழி இல்லை. 2021-இல் ஹேலோ இன்ஃபினிட் வந்தபோது ரேங்க்டு சோலோ-டுயோவை (தனியாகவோ ஜோடியாகவோ ஆடும் தரவரிசை ஆட்டம்) உள்ளீட்டு வகைப்படி இரண்டாகப் பிரித்தது. 2024-இல் கன்சோலுக்கு வந்த வாலரன்ட் பிசி ஆட்களோடு கலக்கவே விடவில்லை. ஆட்கள் குறைவு, கலந்துதான் ஆக வேண்டும் என்றால், இரு அணியிலும் கன்ட்ரோலர் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும். அசிஸ்டின் அளவு எதுவானாலும் இரு பக்கமும் ஒரே அளவு பாதிப்புதான், தகராறில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

எண்ணிக்கை சமமாக வராதபோதுதான் அசிஸ்டின் அளவில் கை வைக்க வேண்டும், அதுவும் உங்கள் கஸ்டம் செட்டிங்கில் அந்த வசதி இருந்தால். ஒரேயடியாக அணைக்காதீர்கள். அப்படிச் செய்தால் 30 மீட்டருக்கு மேல் கன்ட்ரோலர்காரர் வெறும் பார்வையாளர். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: அதில் அசிஸ்டின் பலம் கன்சோலில் 0.6, பிசியில் 0.4 என்று வெகுகாலம் இருந்தது. 2024 ஆகஸ்டில் பிசி லாபிகளில் இன்னும் 25 சதவீதம் குறைத்தார்கள். அதாவது பெரிய நிறுவனமே படிப்படியாகத்தான் இறங்குகிறது. நீங்களும் கால் பங்கு குறைத்து, பத்து மேட்ச் ஆடிவிட்டு, பிறகு அடுத்த படிக்குப் போங்கள். ஒரு மேட்ச் தோற்ற கோபத்தில் எண்ணை மாற்றினால் எதை மாற்றியதால் எது மாறியது என்றே தெரியாது.

அளவை மாற்ற வசதி இல்லையா? மேப்பையும் ஆயுதத்தையும் மாற்றுங்கள். முழுக்க இடுக்கான மேப்பில் எஸ்எம்ஜியோடு (கிட்டத்துச் சண்டைக்கான சிறு இயந்திரத் துப்பாக்கி) ஆடினால் கன்ட்ரோலருக்குச் சாய்வு, நீண்ட பார்வைக் கோடுள்ள மேப்பில் ஸ்நைப்பரைத் திறந்துவிட்டால் மவுஸுக்கு. மூன்று மேப் தொடரில் இடுக்கு ஒன்று, திறந்தவெளி ஒன்று, நடுத்தரம் ஒன்று என்று வைத்தால் ஓரளவு சமன்படும்.

பலர் கோட்டைவிடும் இடம் எஃப்பிஎஸ்ஸும் எஃப்ஓவியும் (திரையில் தெரியும் பார்வைக் கோணம்). 60-இல் ஓடும் கன்சோலையும் 240-இல் ஓடும் பிசியையும் மோதவிட்டு, தோல்விக்குக் காரணம் கன்ட்ரோலர் என்று சொல்வது அபத்தம். கன்சோலில் 120 கிடைத்தால் பிசிகளையும் 120-இல் கட்டிப்போடுங்கள். எஃப்ஓவிக்கு இரு பக்கமும் எட்டக்கூடிய ஓர் உச்சம் வையுங்கள்.

கன்ட்ரோலர்காரர் தன் பக்கம் சரிசெய்ய வேண்டியது டெட்ஸோன், அதாவது ஸ்டிக்கின் எவ்வளவு சின்ன அசைவைக் கேம் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்ற அளவு. அதைப் பூஜ்ஜியத்தில் வைத்து ஸ்டிக்கை விட்டுவிடுங்கள், கிராஸ்ஹேர் தானாக நகரும். நகர்வு நிற்கும்வரை ஒவ்வொரு படியாகக் கூட்டி, அதற்கு மேல் ஒரு படி வையுங்கள். இதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது: ஸ்டிக் அசைந்தால்தான் ரொட்டேஷனல் வேலை செய்யும் கேம்களில், வேண்டுமென்றே டெட்ஸோனைக் குறைத்து ஸ்டிக் தானாக நகரும் அந்த டிரிஃப்டையே அசைவாகக் கணக்குக் காட்டுவார்கள். எய்ம் அசிஸ்ட் ஓய்வே எடுக்காது. குறைந்தபட்ச டெட்ஸோனை விதியாகவே எழுதிவிடலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அநியாயம் ஒரே ஆள் இரண்டையும் கலப்பது. மவுஸை அடாப்டர் வழியே கன்ட்ரோலராகக் காட்டினால் மவுஸின் துல்லியமும் எய்ம் அசிஸ்டும் ஒரே ஆளுக்கு. ஸிம் என்ற அடாப்டர் செய்வது அதுதான். க்ரோனஸ் ஸென் என்ற இன்னொரு கருவி ரீகாயிலை (சுடும்போது துப்பாக்கி எகிறுவதை) ஸ்கிரிப்டால் இழுத்துப் பிடிக்கும். ரெயின்போ சிக்ஸ் சீஜ் 2023-இல் கொண்டுவந்த மவுஸ்டிராப், கன்சோலில் இப்படி ஒளித்து ஆடுபவர்களைக் கண்டுபிடித்து அவர்கள் உள்ளீட்டில் தாமதம் சேர்த்தது. பிவிபியில் எய்ம் அசிஸ்டே இல்லாத கேம் அது. அங்கேயே இந்தப் பிரச்சினை இருக்கிறது.

உங்கள் மேட்சில் மவுஸ்டிராப் மாதிரிக் கருவி இல்லை. சந்தேகம் வந்தால் காலிச் சுவரில் ஒரே துப்பாக்கியால் மூன்று மேகஸின் சுடச் சொல்லுங்கள். மனிதக் கையில் மூன்று தடமும் கொஞ்சம் கொஞ்சம் விலகும். அச்சடித்த மாதிரி மூன்றும் ஒன்றாக வந்தால் கேள்வி கேளுங்கள். இதையே ஆதாரமாக எடுத்து ஆளை வெளியேற்றாதீர்கள்: ஸ்கிரிப்டை ஒரு பட்டனில் அணைத்துவிட்டும் சுடலாம், நல்ல கையும் கிட்டத்தட்ட அப்படிச் சுடலாம். இறுதிச் சுற்றுகளுக்குக் கையைக் காட்டும் கேமராவைக் கட்டாயமாக்குவதுதான் வேலைக்காகும்.

விதி ஒரு பக்கம் மட்டும் பாயக் கூடாது. எதிரெதிர் விசைகளை ஒன்றாக அழுத்தினாலும் கடைசியாக அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் கீபோர்டு வசதி, நின்று சுடும் நேரத்தை மனிதக் கையைவிடத் துல்லியமாக்குகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இல் அதன் தயாரிப்பு நிறுவனம் வால்வ் 2024 ஆகஸ்டில் அதைத் தடுத்து, பயன்படுத்துபவர்களை மேட்சிலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. மேக்ரோ (ஒரே அழுத்தலில் பல விசைகளைத் தானாக அழுத்தும் வசதி), ரீகாயில் ஸ்கிரிப்ட் எல்லாம் இதே பட்டியல்.

கடைசியாகக் கணக்கு. மேட்ச் வாரியாக ஒரு ஷீட்டில் ஆள், உள்ளீடு, மேப், கொன்ற தூரம் அல்லது ஆயுத வகை, கேமின் பேட்ச் (அப்டேட்) எண் ஆகியவற்றை எழுதுங்கள். மொத்தக் கில் எண்ணிக்கை எதுவும் சொல்லாது, நல்ல ஆட்டக்காரர் எதைப் பிடித்தாலும் கொல்வார். அதே ஆள் கிட்டத்தில் எத்தனை, தூரத்தில் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். புது பேட்ச் வந்த அன்று பாட்டின் முன் நின்று 5, 15, 30, 50 மீட்டர் சோதனையை மறுபடி ஓட்டிவிட்டு, பழைய எண்களுக்குக் கீழே புதியதை எழுதி வையுங்கள்.