பணமா, மணமா: மகளின் வகுப்பில் நாங்கள் மாற்றியவை

என் மகள் இரண்டு காதிலும் கேட்கும் கருவி போடுகிறாள். தரம் 7இல், வெள்ளவத்தை ரியூஷன் வகுப்பில், திடீரென்று ஒன்றும் விளங்கவில்லை என்றாள். கருவி பழுது என்று நினைத்தேன். அது பாதிதான் சரி. கொழும்புப் புழுக்கத்தில் காதுக்குள் பொருத்தும் அச்சின் குழாயில் நீர்த்துளி கோத்திருந்தது. இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தோம், அது தீர்ந்தது. ஆனாலும் வகுப்பு விளங்கவில்லை என்றாள்.

அப்புறம் ஒரு நாள் பின்வரிசையில் நானே போய் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி, வெளியே காலி (Galle) வீதி வாகனங்களின் ஹோர்ன். கருவி இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். பேசுபவர் ஓரிரு மீற்றருக்குள் இருந்தால்தான் குரல் தெளிவாக எடுபடும். ரீச்சரோ பலகையைப் பார்த்தபடியே பேசினார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்போதே 'பணம்', 'மணம்' இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். முகமே தெரியாவிட்டால் பிள்ளை என்ன செய்யும்?

ரீச்சரிடம் பேசினேன், உடனே சம்மதித்தார். முதல் வரிசை, மின்விசிறிக்குத் தள்ளி. எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசுவது. பாடத்தின் புதுச்சொற்களை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புவது. இதுதான் அதிகம் உதவியது, தெரிந்த சொல்லை உதட்டில் பிடிப்பது எளிது. இப்போது அவளே கையை உயர்த்தி, "இன்னொருக்கா சொல்லுங்கோ ரீச்சர்" என்று கேட்கிறாள்.