ஒரே லிப்ஸ்டிக்கில் நடு அடர்த்தி, ஓரம் வெளிர்

உதட்டின் நடுவில் அடர் நிறம், ஓரம் போகப்போக மங்கல். கொரியத் தொடர் பார்ப்பவர்களுக்குப் பழகிய தோற்றம்தான். பார்லருக்கெல்லாம் போக வேண்டாம். ஒரு லிப்ஸ்டிக், கொஞ்சம் ஃபவுண்டேஷன், லிப் பாம் போதும்.

லிப் பாம் தடவி 10 நிமிடம் விட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் நிறம் நிற்காது. பிறகு விரல் நுனியில் துளி ஃபவுண்டேஷன் தொட்டு உதட்டு ஓரங்களில் மட்டும் தட்டுங்கள். இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள்: மாநிறத்துக்கு ரொம்ப வெளிர் ஷேடு போட்டால் உதடு சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். முகத்துக்குப் போடும் அதே ஷேடுதான் சரி. கருத்த உதடென்றால் ஓரத்தை முழுக்க மறைக்காமல், பழுப்பு கலந்த ரோஸ் பூசுவது இன்னும் அழகு என்பது என் கட்சி.

அடுத்து, மெரூன் லிப்ஸ்டிக்கை இரண்டு உதடும் சேரும் உள்பக்கம் மட்டும் வைத்து, மோதிர விரலால் வெளிப்பக்கமாகத் தட்டித் தட்டிப் பரப்புங்கள். தேய்க்காதீர்கள், எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். போதவில்லையென்றால் நடுவில் மட்டும் இன்னொரு முறை.

ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நிற்கப் போகிறீர்களா? லிப் டின்ட் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் சாயம் உதட்டிலேயே ஏறிவிடுவதால் சேலத்து வியர்வைக்கும் தாங்கும். ஏற்காடு போகிறவர்கள் பளபளப்பில்லாத மேட் லிப்ஸ்டிக்கை வீட்டிலேயே வைத்துவிடலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்காற்றில் உதடு காய்ந்து, நிறம் திட்டுத் திட்டாக உரியும். பையில் பாம் இருக்கட்டும். ஏரியில் படகு ஏறுமுன் நடு உதட்டில் ஒரு தொடு.