பூட்டனின் பதக்கம் வீரப்பதக்கமா? போர்ப் பதிவேடுகளில் தேடும் முறை

எங்கள் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் பூட்டனின் வெள்ளிப் பதக்கம் ஒன்று சீலைத்துண்டில் சுற்றிக் கிடந்தது. "சண்டையில வீரத்துக்குக் கிடைச்சது" என்று அப்பம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். தேடிப் பார்த்தபோதுதான் அது முதல் உலகப் போரில் கடல் கடந்து பணிக்குப் போன கிட்டத்தட்ட எல்லோருக்கும் கொடுத்த பதக்கம் என்று தெரிந்தது. அவர் மீதிருந்த மரியாதை கொஞ்சமும் குறையவில்லை; அவர் எந்தப் படையில் இருந்தார் என்பதே அந்தத் தேடலில்தான் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் இப்படித் தொடங்குங்கள்.

முதலில் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கமென்றால் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். தயவுசெய்து மினுக்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் படமெடுத்தால் போதும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் படையினருக்குப் பொதுவான போர்ப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது, அதனால் பழைய சம்பளப் புத்தகம், விடுவிப்புக் கடிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அடுத்து, வீரவிருதின் வகை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீரவிருதான விக்டோரியா கிராஸ் 1856இல் தொடங்கியது, எந்தப் பதவியினருக்கும் உரியது. 1914இல் வந்த மிலிட்டரி கிராஸ் அதிகாரிகளுக்கு, 1916இல் வந்த மிலிட்டரி மெடல் சாதாரணச் சிப்பாய்களுக்கு. ஆகவே பதவி தெரிந்தால் பாதித் தேடல் முடிந்தது.

சரி, இப்போது பிரிட்டிஷ் அரசின் அதிகாரபூர்வ இதழான லண்டன் வர்த்தமானி. பிரிட்டிஷ் வீரவிருதுகள் அதில்தான் அறிவிக்கப்பட்டன, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பழகிப் பார்க்க நம் ஊர்க்காரர் ஒருவரையே எடுங்கள்: பேசில் ஹோர்ஸ்ஃபால், 1887இல் கொழும்பில் பிறந்தவர், ஈஸ்ட் லங்காஷயர் ரெஜிமெண்டில் இரண்டாம் லெப்டினன்ட். 1918 மார்ச் 27 அன்று பிரான்சில், தலையில் காயம்பட்டும் மிஞ்சியவர்களைத் திரட்டி எதிர்த்தாக்குதல் நடத்தி, மற்ற அதிகாரிகள் விழுந்துவிட்டார்கள் என்பதால் சிகிச்சைக்குப் போகவும் மறுத்து, பின்வாங்கும் உத்தரவு வந்தபோது கடைசியாக இடத்தை விட்டவர், சற்று நேரத்தில் கொல்லப்பட்டார். விக்டோரியா கிராஸ் அறிவிப்பு மே மாதத்தில்தான் வந்தது. புதிதாகத் தேடுபவர்கள் பெரும்பாலும் தடுக்குவது இங்கேதான்: சம்பவ நாளை வைத்துத் தேடினால் ஒன்றும் வராது, அதற்குப் பிந்திய மாதங்களையும் சேர்த்துத் தேடுங்கள். இன்னொன்று, மிலிட்டரி மெடலுக்குப் பெரும்பாலும் இலக்கமும் பெயரும் மட்டுமே இருக்கும், என்ன செய்தார் என்ற விவரம் இருக்காது.

அந்த விவரத்துக்கு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலுக்குப் போங்கள். அங்கே போர் அலுவலகக் கோப்புகளுக்கு டபிள்யூஓ (WO) என்பது குறியீடு: டபிள்யூஓ 98 விக்டோரியா கிராஸ் பதிவேடு, டபிள்யூஓ 372 முதல் போரின் பதக்க அட்டைகள், டபிள்யூஓ 373 இரண்டாம் போர்க்கால இராணுவ விருதுப் பரிந்துரைகள். தேடுவது இலவசம், பிரதி இறக்கக் கட்டணம் உண்டா என்று அங்கேயே பாருங்கள். முதல் போர்ச் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 குண்டுவீச்சில் எரிந்துபோயின, அதனால் கோப்பு கிடைக்கவில்லை என்பதற்காக அவர் போருக்கே போகவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

பெயரைப் பல விதமாக எழுதித் தேடுவது நமக்கு முக்கியம். கந்தையாவை ஆங்கிலத்தில் கே (K) எழுத்திலும் தேடுங்கள், சி (C) எழுத்திலும் தேடுங்கள், தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

போரில் இறந்தவரென்றால் பொதுநலவாய போர்க்கல்லறை ஆணையத்தின் தளம். அப்புறம் ஒருநாள் விகாரமகாதேவி பூங்காவுக்குப் போய் போர் நினைவுத்தூபிக்குப் பின்னாலுள்ள சுவரில் பெயர்களை நிதானமாக வாசியுங்கள். அந்தத் தூபி முன்பு காலிமுகத்திடலில் நின்றது. பழைய பத்திரிகைகளுக்கு கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம்.

ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். இலக்கமும் படைப்பிரிவும் இரண்டு பதிவுகளிலாவது பொருந்திய பிறகே இவர்தான் என்று எழுதுங்கள். எங்கள் பூட்டனின் பதக்கத்தோடு இப்போது ஒரு சிறு காகிதமும் இருக்கிறது: இலக்கம், படைப்பிரிவு, எந்தக் கோப்பில் பார்த்தோம் என்ற குறிப்பு.